வதந்தியும் தடுப்பூசியும்: உறவினரின் ஐயத்தை அகற்றும் வழி

நோய் வந்தபின் மருத்துவம் செய்வதைக் காட்டிலும், வராமற் காப்பதே ஒரு நாட்டுக்குச் சிக்கனமான வழி என்பது பொருளியல் பயின்றோர் அனைவரும் அறிந்த உண்மையாகும். இவ்வழியில் நமது நாடு பெற்ற வெற்றிகள் சிறியன அல்ல. 1975ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை கண்டவர் எவரும் இல்லை. 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் இளம்பிள்ளை வாதம் கண்ட இரண்டு வயதுச் சிறுமியே, இயற்கையான போலியோ கிருமியால் தாக்குண்ட கடைசி இந்தியக் குழந்தை. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது எனச் சான்றளித்தது.

எனினும், பணி முற்றுப்பெற்றுவிட்டது எனக் கொள்வதற்கில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 12 முதல் 23 மாத வயதுடைய குழந்தைகளுள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றோர் 2015–16இல் நூற்றுக்கு 62 பேர். 2019–21இல் நூற்றுக்கு 76 பேர். முன்னேற்றம் தெளிவாகவே தெரிகிறது. ஆயினும் எஞ்சிய குழந்தைகளும் நம்முடையவர்களே. இவர்களுள் சிலருக்குச் சுகாதார நிலையம் தொலைவில் இருக்கிறது. சிலரின் பெற்றோர் பிழைப்பைத் தேடி ஊர் ஊராகச் செல்பவர்கள். வேறு சிலர் வீட்டுக்கு அருகிலேயே ஊசி கிடைத்தும், யாரோ சொன்ன பேச்சை நம்பிய ஒரு பெரியவரின் தடையால் அதைப் பெறாதவர்கள். இம்மூன்றாவது வகையினரைப் பற்றியதே இக்கட்டுரை. இத்தடையை நீக்கும் ஆற்றல் அரசைவிட அந்தக் குடும்பத்தில் உள்ள படித்த இளைஞருக்கே மிகுதி என்பதும், அவர் அதைப் பயன்படுத்தும் முறை எது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

ஒரு வீட்டின் முடிவு ஊரின் முடிவாதல்

தடுப்பூசி வேண்டாம் என்பது அவரவர் சொந்த விருப்பம் அன்றோ எனச் சிலர் கேட்பதுண்டு. பொருளியலில் புறவிளைவு என்றொரு கருத்து உண்டு. ஒருவர் எடுக்கும் முடிவின் நன்மையோ தீமையோ, அதில் பங்கு கொள்ளாத பிறரையும் சென்றடைவதே புறவிளைவாகும். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பது இதற்குத் தீய உதாரணம். தடுப்பூசி நல்ல உதாரணம்.

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது தொற்றக்கூடும். ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே நோய் பரவினால்தான் அது தானாக அடங்கும். ஆகவே 12 பேருக்குப் பரவும் இடத்தில் 11 பேரும், 18 பேருக்குப் பரவும் இடத்தில் 17 பேரும் காப்புப் பெற்றிருக்க வேண்டும். இதை நூற்றுக் கணக்கில் கூறினால் ஏறத்தாழ 92 முதல் 95 வரை ஆகும். ஒன்பது மாதம் நிறையாத சிசு, ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் சிறுவன் போன்ற ஊசி பெற இயலாதவர்களுக்கு இந்த வேலியே காப்பு. ஒரு வீட்டில் ஊசி மறுக்கப்படும்போது வேலியில் ஒரு முள் குறைகிறது. பத்து வீடுகளில் மறுக்கப்பட்டால் அங்கே வழி திறந்துவிடுகிறது.

ஐயம் கொள்வோர் அறிவிலிகள் அல்லர்

வதந்தியை நம்புவோர் கல்லாதவர், அவர்களுக்கு அறிவூட்டினால் போதும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. காந்தியடிகள் அம்மை குத்துவதை ஏற்றுக்கொள்ளாதவர். 1955ஆம் ஆண்டில் ராஜாஜி பி.சி.ஜி. ஊசித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். இவர்களை அறியாமையில் ஆழ்ந்தவர்கள் என்று எவரும் கூறத் துணியார்.

பி.சி.ஜி.யின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. 1968ஆம் ஆண்டு தொடங்கி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே இந்த ஊசியின் பயன் சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை 1979இல் வெளியான முடிவு காட்டியது. அம்முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் அறிவியலாளர்களே. அதே சமயம், சிசுக்களைக் கொல்லும் மூளையுறைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பளிக்கிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டமையால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் இடப்படுகிறது. கேள்வி கேட்பது குற்றமன்று. கேள்விக்குரிய விடையைச் சோதனையில் தேடாமல் செவிவழிச் செய்தியில் தேடுவதே தவறு. உறவினரிடம் பேச முற்படும் ஒவ்வொருவரும் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் நலம்.

மேற்கு உத்தரப் பிரதேசம் கற்பித்த பாடம்

நாடு முழுவதும் தீவிரப் போலியோ சொட்டு மருந்துத் திட்டம் 1995இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் நோய் பெருமளவு குறைந்தபோதிலும், 2002இல் மீண்டும் 1,600 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். மொராதாபாத் போன்ற மேற்கு மாவட்டங்களில் சொட்டு மருந்து குடித்தால் ஆண்மை குன்றும், பிள்ளைப்பேறு இராது என்ற வதந்தி வேரூன்றியிருந்தது. பணியாளர் வரும்போது சில வீடுகளின் கதவுகள் அடைக்கப்பட்டன.

இவ்வதந்தி ஏன் நம்பப்பட்டது? முதற் காரணம் நினைவு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவற்றில் கட்டாயமும் அச்சுறுத்தலும் கையாளப்பட்டமையை ஷா விசாரணைக் குழு பதிவு செய்துள்ளது. அந்த அனுபவத்தைப் பெற்ற ஊர்களில், அரசின் பெயரால் இலவச மருந்துடன் ஒருவர் வாயிலில் நின்றபோது ஐயம் எழுந்தமை வியப்பன்று. இரண்டாவது காரணம், அதே மருந்து ஆண்டுக்குப் பலமுறை வந்தமை. நல்ல மருந்தாயின் ஒருமுறை போதாதா என்று தாய்மார்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. வயிற்றுப்போக்கும் குடல் தொற்றும் மிகுந்த சூழலில் சில தவணைகள் மட்டும் போதிய காப்பை அளிப்பதில்லை என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால், அவ்விளக்கம் வீட்டு வாயில் வரை சென்று சேரவில்லை. மூன்றாவது காரணம் மனக்குறை. சாக்கடை இல்லை, குடிநீர் இல்லை, குழந்தையின் காய்ச்சலுக்கு மருத்துவர் இல்லை. இதற்கு மட்டும் வீடு தேடி வருவது எதற்காக என்று மக்கள் வினவினர்.

இவற்றுக்கு விடையாக அமைந்த நடவடிக்கைகளே பயன் தந்தன. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே மக்கள் தொடர்புப் பணியாளர்களாக அமர்த்தப்பட்டனர். இவ்வாறு பல ஆயிரம் பேர் பணியாற்றினர். மறுத்த வீடுகளின் சுவரில் சுண்ணக் கட்டியால் 'எக்ஸ்' குறியிடப்பட்டது. அக்குறி தண்டனைக்காக அன்று. மறுத்தமையின் காரணத்தை அறிந்து மீண்டும் செல்வதற்காகவே. பள்ளிவாசல்களின் இமாம்கள் தொழுகைக்குப் பின் அறிவிப்புச் செய்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற கல்வி நிலையங்கள் துணை நின்றன. உத்தரப் பிரதேசத்தின் 66, பீகாரின் 41 ஆக 107 வட்டாரங்களில் சொட்டு மருந்துடன் வயிற்றுப்போக்குத் தடுப்பு, தாய்ப்பால், கை கழுவுதல் ஆகியனவும் இணைக்கப்பட்டன. 2010இல் திறன் மிக்க இருவகைச் சொட்டு மருந்தும் வந்தது. 2009இல் 741ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2010இல் 42 ஆயிற்று. 2011இல் ஒன்றே ஒன்று.

இவ்வெற்றியில் புதிய மருந்துக்கும் பங்குண்டு. ஆனால் மருந்து குழந்தையின் வாயைச் சென்றடைவதற்குக் கதவு திறக்கப்பட வேண்டும். சுவரொட்டிகளால் திறவாத அக்கதவைத் திறந்தவர்கள், வீட்டாருக்கு முன்பே அறிமுகமானவர்கள். செய்தியின் வலிமை அதைச் சொல்பவர்மீது உள்ள நம்பிக்கையைச் சார்ந்தது என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

வதந்தியின் வடிவங்கள்

உறவினரிடம் பேசுவதற்குமுன், வதந்தி எவ்வாறு அமைகிறது என்பதை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வதந்திகள் மூன்று பிழைகளுள் ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றன.

முதலாவது, அடுத்து நிகழ்ந்ததை அதனால் நிகழ்ந்ததாகக் கொள்வது. ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பெற்றோர் கண்டுகொள்ளும் வயதும், தட்டம்மை ஊசி இடப்படும் வயதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஊசியே காரணம் எனத் தோன்றுகிறது. 1998இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 12 குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதிய கட்டுரை இவ்வெண்ணத்தைப் பரப்பியது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அக்கட்டுரையை விலக்கிக்கொண்டது. அவருடைய பெயரும் அதே ஆண்டில் அந்நாட்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஊசி பெற்றோருக்கு ஆட்டிசம் மிகுதியாக ஏற்படவில்லை எனக் காட்டியது.

இரண்டாவது, விகிதத்தை விடுத்து எண்ணிக்கையை மட்டும் நோக்குவது. ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்ததே என்பர். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 குழந்தைகள். 900 பேர் ஊசி பெற்றவர்கள், 100 பேர் பெறாதவர்கள். ஊசி நூற்றுக்கு 95 பேரைக் காக்கிறது எனவும், காப்பில்லாத அனைவருக்கும் நோய் வருகிறது எனவும் கொள்வோம். ஊசி பெற்றோருள் 45 பேரும் பெறாதோருள் 100 பேரும் நோயுறுவர். நோயுற்ற 145 பேருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஊசி பெற்றவர்கள் என்பது உண்மையே. ஆனால் ஊசி பெற்றோரில் நூற்றுக்கு ஐவரும், பெறாதோரில் நூற்றுக்கு நூறு பேரும் நோயுற்றனர் என்பதே முழு உண்மை. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே வெவ்வேறு எண்களைக் கொண்டு செய்து பார்ப்பது பயன் தரும்.

மூன்றாவது, சிறிய உண்மையைப் பெரிதாக்குவது. ஊசிக்குப்பின் காய்ச்சலும் வீக்கமும் வருவதுண்டு. கடுமையான ஒவ்வாமை ஏறத்தாழ பத்து லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழக்கூடும். இவற்றை மறுத்தல் கூடாது. ஆனால் தட்டம்மை கண்டவர்களுள் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி நேர்கிறது என்பதையும் உடன் வைத்தே எடைபோட வேண்டும். தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டுவதே வதந்தியின் இயல்பு.

வீட்டுக்குள் பேசும் முறை

தட்டம்மை–ருபெல்லா ஊசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகியவற்றில் முதலில் தொடங்கியபோது, கைப்பேசி வழியே பரவிய பொய்ச் செய்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். தமிழ்நாட்டில் இயக்கத்தின் காலத்தை நீட்டிக்க நேர்ந்தது. அத்தகைய செய்தி ஒன்றை ஒரு குடும்பத்தில் மூத்த அத்தை நம்பிவிட்டார் எனக் கொள்வோம். ஒன்பது மாதப் பேத்திக்கு ஊசி வேண்டாம் என்கிறார். அவரிடம் அண்ணன் மகன் பேசும் முறை பின்வருமாறு அமையலாம்.

"அத்தை, உங்களுக்கு வந்த செய்தியை எனக்கும் காட்டுங்கள். இதில் எது உங்களுக்குப் பயமாக இருக்கிறது?"

"இந்த ஊசி போட்டால் பெண் குழந்தைக்குப் பின்னாளில் கரு தங்காது என்கிறார்களே, தம்பி."

"பேத்தியின் நாளையை நினைத்துத்தானே கேட்கிறீர்கள், அந்த அக்கறை சரிதான். எந்த ஊரில், எப்போது, யாருக்கு இப்படி ஆயிற்று என்று இதில் இருக்கிறதா, அத்தை?"

"அதெல்லாம் ஒன்றும் இல்லை. சம்பந்தி அம்மாள் அனுப்பினார்கள்."

"அவர்களும் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் ருபெல்லா என்ற நோய் கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலைந்துபோகலாம். பிறக்கும் குழந்தைக்குக் கண்ணும் காதும் இதயமும் பழுதாகலாம். அந்த நோய் வராமல் காப்பதற்குத்தான் இந்த ஊசி. ஒரு வாரம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், அது இரண்டொரு நாளில் அடங்கும். புதன்கிழமை செவிலியர் இருப்பார். நீங்களும் வாருங்கள், கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவோம்."

இவ்வுரையாடலில் அடங்கியுள்ள நெறிகளை வரிசைப்படுத்தலாம்.

முதலில், தனிமையில் பேசுதல். திருமண வீட்டிலோ குடும்பக் கூட்டத்திலோ பெரியவர் ஒருவரை மறுத்துப் பேசினால், அவர் தம் கருத்தைக் காப்பதைவிடத் தம் மதிப்பைக் காப்பதிலேயே முனைவார்.

இரண்டாவது, விடை கூறுமுன் அச்சத்தைக் கேட்டறிதல். ஒருவருக்கு மலட்டுத்தன்மை பற்றிய அச்சம். மற்றொருவருக்குச் சென்ற முறை குழந்தை காய்ச்சலில் துடித்த நினைவு. வேறொருவருக்குச் சுகாதார நிலையத்தில் கேட்ட கடுஞ்சொல். கேளாமலே நாம் கூறும் விடை வேறொரு கேள்விக்குரியதாகிவிடும்.

மூன்றாவது, உண்மையாக உள்ளதை ஒப்புக்கொள்ளுதல். காய்ச்சலே வராது என்று கூறி, மறுவாரம் காய்ச்சல் வந்தால், நாம் கூறிய பிற உண்மைகளும் அத்துடன் மதிப்பிழந்துவிடும்.

நான்காவது, செய்தியின் மூலத்தை அவரே தேடும்படி செய்தல். ஊர், நாள், பெயர் ஆகிய மூன்றும் இல்லாத செய்தி ஐயத்துக்குரியது என்னும் அளவுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த வதந்திக்கும் அது உதவும். அனுப்பியவரைப் பழித்தல் கூடாது. அவரும் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார்.

ஐந்தாவது, பொய்யைத் திரும்பத் திரும்பக் கூறாமல், அதன் இடத்தில் வைக்கத்தக்க உண்மை ஒன்றைத் தெளிவாகக் கூறுதல். கருவைக் கெடுக்கும் எனப்பட்ட ஊசி, உண்மையில் பிற்காலக் கருவைக் காக்கும் ஊசி. போலியோ சொட்டு மருந்தைப் பற்றிய பழைய வதந்திக்கும் இத்தகைய எளிய விடை உண்டு: 1995இல் அதைக் குடித்த குழந்தைகள் பலர் இன்று தாமே பெற்றோராகித் தம் குழந்தைகளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருகின்றனர்.

ஆறாவது, உடன் செல்லுதல். வாதத்தில் வெல்வது நோக்கமன்று. குழந்தை ஊசி பெறுவதே நோக்கம். முதல் உரையாடலில் அத்தை இசையாவிட்டாலும் உறவை முறிக்காமல் மீண்டும் பேசுதல் வேண்டும். ஆனால் நாள் கடத்துவதற்கும் எல்லை உண்டு. தட்டம்மை–ருபெல்லா ஊசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இடப்படுகின்றன. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் குழந்தை காப்பின்றி இருக்கும் மாதமாகும். முடிவு செய்யும் உரிமை பெற்றோருடையது என்பதால், தாய் தந்தையருடன் தனியே பேசி அவர்களுக்குத் துணிவூட்டுவதும் இன்றியமையாதது.

அலுவலர்களின் கடமை

குடும்பத்தின் முயற்சி பயன் தர, நிர்வாகமும் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். ஊசிக்குப்பின் ஒரு குழந்தை நோயுற்றதாகச் செய்தி வந்தால், அதை மறைக்காமல் உடனே பதிவு செய்து, விசாரித்து, கண்டறிந்ததை அவ்வூர் மக்களுக்கே எளிய மொழியில் தெரிவித்தல் வேண்டும். அலுவலகம் காக்கும் மௌனத்தை வதந்தி நிரப்பிவிடும். மறுப்போரைப் பட்டியலிடும் பதிவேட்டில் காரணம் என்னும் பத்தி வெறுமையாக இருத்தலாகாது. ரேஷன் அட்டையை நிறுத்துவோம் என்பன போன்ற மிரட்டல்கள் அன்றைய இலக்கை எட்ட உதவலாம். ஆனால் அதன் விலையை ஒரு தலைமுறைக்குப் பின்னும் வேறொரு திட்டம் கொடுக்க நேரிடும் என்பதை உத்தரப் பிரதேசம் நமக்கு உணர்த்தியுள்ளது.

தடுப்பூசியைத் தயாரிக்கவும், குளிர்நிலை குன்றாமல் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டு செல்லவும் நம் நாடு கற்றுக்கொண்டுவிட்டது. 2021 ஜனவரி 16இல் தொடங்கிய கொரோனாத் தடுப்பூசி இயக்கம் 2022 ஜூலையில் 200 கோடித் தவணைகளை எட்டியமை இதற்குச் சான்று. சுகாதார நிலையத்திலிருந்து குழந்தையின் தொட்டில் வரையுள்ள சிறு தொலைவை மட்டும் எந்த வாகனமும் கடக்க இயலாது. அதைக் கடக்க வல்லது அக்குடும்பத்தார் நம்பும் ஒருவரின் பொறுமையான சொல். படித்த ஒவ்வொருவரும் தம் வீட்டில் அப்பொறுப்பை ஏற்பாராயின், எஞ்சியுள்ள குழந்தைகளுள் பலர் காப்புப் பெறுவர் என்பதில் ஐயமில்லை.